எந்த அருணை?

நான் பணிபுரிந்த கல்லூரியின் கணினி மையத்தில் வன்தட்டுகள் வைத்திருந்த இரும்பு அலமாரியை எடுத்துவிட்டார்கள். இனி மாணவர் பதிவுகளும் தேர்வுத் தாள்களும் எங்கோ தொலைவில் உள்ள சேமிப்பகத்தில் இருக்குமாம். தட்டைக் கையில் எடுத்துக் காதோரம் வைத்து உள்ளே சுழல்கிறதா என்று கேட்கும் வேலை இனி அங்கே யாருக்கும் இல்லை. அந்த மாற்றத்தை ஒட்டி, இப்போது பணியில் இருப்பவர்கள் என்னை அழைத்துப் பேசச் சொன்னார்கள். ஒரு பெண் எழுந்து, "உங்க சர்வீஸ்லயே பெரிய ப்ராப்ளம் எதுங்க மேடம்? அத எப்டி சரி பண்ணீங்க?" என்று கேட்டாள். தேர்வு முடிவு வெளியான ஒரு நாளில் சர்வர் நின்றுபோன கதையைச் சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்துவிட்டு வந்தேன். அவள் கேள்வியின் முதல் பாதிக்கு உண்மையான விடை வேறு. இரண்டாம் பாதிக்கு விடையே கிடையாது. மேடையில் சொல்ல நா எழாததை இங்கே எழுதித் தருகிறேன்.

திருவண்ணாமலையில் தட்டச்சுப் பயிலகங்கள் ஒவ்வொன்றாகக் கணினிப் பயிலகம் என்று பெயர்ப்பலகை மாற்றிக்கொண்ட காலத்தில் நான் இந்தத் தொழிலைக் கற்றேன். பகலில் அந்த வகுப்பு; மாலையில் கோயில் மண்டபத்தில் பதிகம் பயிலும் வகுப்பு. ஓர் எழுத்து பிறழ்ந்தால் பொருள் பிறழும் என்ற ஒழுங்கு இரண்டுக்கும் பொதுவாக இருந்ததால், ஒன்றில் பழகிய கவனம் மற்றொன்றுக்கு உதவியது. பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. வேலையை நான் கற்றது சோமசுந்தரம் சாரிடம்.

அவர் எங்கள் மையத்தின் தலைவர். நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து புருவத்தில் இறங்கினாலும் துடைக்கமாட்டார். யாராவது பழுது பார்த்துக்கொண்டிருந்தால், கைகளை முதுகுக்குப் பின் கோத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் வந்து நிற்பார். விசைப்பலகையைத் தொடமாட்டார். தான் தொட்டுவிட்டால் நாங்கள் பார்ப்பதை நிறுத்திவிடுவோம் என்பது அவர் எண்ணம். நான் சேர்ந்த புதிதில் ஒரு கணினியைத் திறந்து பார்த்துவிட்டு, "டிஸ்க் செத்துப்போச்சு சார்" என்றேன்.

"என்ன பாத்தீங்க?" என்றார்.

"செத்துப்போச்சு சார்."

"அது நீங்க நெனச்சது. பாத்தது என்னன்னு கேட்டேன்."

பார்த்தது, முன்பக்கச் சிறு விளக்கு எரியவில்லை என்பது மட்டும்தான். மின்கம்பி நழுவியிருந்தது, அழுத்தியதும் தட்டு உயிர்பெற்றது. அன்று முதல் மையத்தில் அது வழக்குச் சொல்லாகிவிட்டது. டீயில் சர்க்கரை கம்மி என்று ஒருவர் முகம் சுளித்தால், "பாத்தீங்களா, நெனச்சீங்களா?" என்று இன்னொருவர் கேட்பார்.

சாருக்கு உறுதியான சில நடைமுறைகள் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். வெளித் தட்டு எதிலாவது இயங்குதளம் நிறுவும்போது, கணினியின் உள்ளே இருக்கும் தட்டின் கம்பியை முதலில் பிடுங்கி வைத்துவிட வேண்டும். கை தவறி உள் தட்டை அழித்துவிடக் கூடாது என்பதற்காக. ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியாக நிறுவாமல், குறையற்ற ஒரு மூலப் பிரதியைச் செய்து வைத்துக்கொண்டு அதையே எல்லாவற்றிலும் படியெடுக்க வேண்டும். இவற்றோடு இன்னொரு வழக்கமும் இருந்தது. லினக்ஸ் இயங்குதளத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் நாம் விரும்பிய பெயரைச் சூட்டலாம். புதுத் தட்டில் முதன்முதலாக எழுதப்படுவது இறைவன் நாமமாக இருக்க வேண்டும் என்பது சாரின் விருப்பம். ஆகவே எங்கள் மையத்தின் தட்டு எதுவானாலும் அதன் பெயர் அருணை; இறைவனே மலையாக நிற்கும் எங்கள் ஊரின் பழம்பெயர். திரையின் பின்னணியில் மலையின் படம். வெற்றுத் தட்டில் அந்தப் பெயரைப் பொறித்த பிறகுதான் மற்ற வேலை. பதிகம் ஓதி வளர்ந்த எனக்கு அந்த வழக்கம் எவ்வளவு உகப்பாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஊரில் அதைப் புதுமை என்றும் சொல்ல முடியாது. மலையின் பெயரைத் தாங்காத மருந்துக் கடையையோ, பேருந்தையோ, ஜெராக்ஸ் கடையையோ இங்கே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த என் உறவினரை அழைத்துக்கொண்டு பேருந்து நிலையத்தில் ஆட்டோ ஏறினேன். அண்ணாமலையார் லாட்ஜுக்குப் போக வேண்டும் என்றார் அவர். ஓட்டுநர் வண்டியைக் கிளப்பாமல் திரும்பிப் பார்த்தார்.

"எந்த அண்ணாமலையார் லாட்ஜுங்க? சாமி பேரு எல்லாருக்கும் சொந்தம். நீங்க தெருப் பேரச் சொல்லுங்க."

நாங்கள் சிரித்தோம். மறுநாள் சாரிடம் சொன்னேன், அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை அதன் பிறகு நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஏகாம்பரம் என்பவர் மாலை வழிபாட்டில் கோயிலில் பதிகம் பாடும் ஓதுவார். பதிக வகுப்பில் எனக்கு மூத்த மாணவராக இருந்தவர். நான் அண்ணா என்பேன், அவர் தங்கச்சி என்பார். கீழ்பென்னாத்தூரில் வீடு. பிற்பகலில் பேருந்தில் வந்து, பாடி முடித்துத் திரும்பிவிடுவார். மண்டபத்தில் ஒரு தூணின் அருகே எப்போதும் அதே இடத்தில் நிற்பார். ஒலிபெருக்கியைத் தவிர்த்துவிடுவார். அந்தக் குரல் கூட்டத்தின் தலைக்கு மேலே சென்று கருவறை வாசலை அடையும்போது, நெருக்கியடித்துக்கொண்டிருப்பவர்கள் சற்றே நின்றுவிட்டுப் பிறகு நகர்வதை நான் கண்டிருக்கிறேன்.

அந்தக் குரல் கரகரக்கத் தொடங்கியது. சளி என்று நினைத்து நாள் கடத்தினார். குரல்வளையில் புற்று என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தபோது, குரல்வளையை முழுவதும் எடுத்துவிட்டால் உயிர் தப்பும் என்றார்கள். எடுத்துவிட்டால் பேச்சு இருக்காது, பாட்டும் இருக்காது. அவருடைய ஒரே மகள் வள்ளி, தனியார் பள்ளியில் ஆசிரியை, என்னைத் தேடி வந்தாள். அப்பா அறுவை சிகிச்சைக்கு ஒப்பவில்லை என்று அழுதாள். நீங்கள் சொன்னால் கேட்பார், அத்தை, என்றாள்.

சென்று பேசினேன். அண்ணா முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, கரகரத்த குரலில் சிரித்தார்.

"தெனம் பாடறதுக்குன்னுதான் அங்க நிக்கறேன் தங்கச்சி. தொண்டய எடுத்துட்டு அங்க போயி நின்னா, நானு யாரு? இன்னொரு தூணு. கோயில்ல தூணு ஏற்கெனவே ஜாஸ்தி."

அப்போது நான் ஒன்று சொன்னேன். அவர் பாடும் பதிகங்கள் முழுவதையும் இப்போதே பதிவு செய்துகொள்வோம். பிறகு ஒவ்வொரு மாலையும் அதே தூணருகே நின்று, சிறு ஒலிபெருக்கியில் அதை ஒலிக்கச் செய்யலாம். இறைவன் முன் ஒலிப்பது அவர் குரலாகவே இருக்கும். வழிபாடு ஒருநாளும் தடைப்படாது. கோயிலில் அனுமதி பெறுவது என் பொறுப்பு என்றேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "கல்யாண வூட்டுல ரெக்கார்டு போடற மாதிரி ஆயிடாதே?" என்று கேட்டார்.

"உங்க குரல்ணா. நீங்க நிக்கறீங்க, உங்க குரல் பாடுது."

"அப்ப சரி. தொண்டய எடுத்துக்கட்டும்" என்றார்.

இந்தச் சம்மதத்தின் மேல்தான் மற்ற எல்லாம் நின்றது.

கல்லூரியின் ஊடகத் துறையில் ஒலிப்பதிவு அறை ஒன்று உண்டு. அங்கிருந்த கணினி முன்பு எங்கள் மையத்தில் இருந்து, பிறகு அந்தத் துறைக்கு மாற்றப்பட்டது. மாணவர்கள் பயன்படுத்தும் விண்டோஸில் நாங்கள் கைவைக்கக் கூடாது என்று அந்தத் துறையில் நிபந்தனை விதித்தார்கள். சார் ஒரு வழி சொன்னார். வெளியே செருகும் யு.எஸ்.பி. வன்தட்டு ஒன்றில் லினக்ஸையும் ஒலிப்பதிவு மென்பொருளையும் நிறுவிவிடலாம். அதைச் செருகிக் கணினியைத் துவக்கினால் எல்லாம் வெளித் தட்டிலிருந்தே இயங்கும். பதிவும் அதிலேயே சேரும். முடிந்ததும் கழற்றிக்கொண்டால் அறைக் கணினி இருந்தபடியே இருக்கும். அதே தட்டை வள்ளியின் லேப்டாப்பில் செருகினாலும் அப்படியே திறக்கும். இதைவிடத் தூய்மையான ஏற்பாட்டை என்னாலும் நினைக்க முடியவில்லை.

மையத்தின் சோதனை மேசையில், வழக்கப்படி உள் தட்டின் கம்பியைப் பிடுங்கி வைத்துவிட்டு, மூலப் பிரதியை வெளித் தட்டில் படியெடுத்தேன். அருணை என்று பெயரிட்டேன். துவக்கினேன். திரை கறுத்தது. சிறிது நேரம் கழித்து ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. என் கோப்புகள் உள்ள தட்டுக்காகக் காத்திருந்தேன், கைவிட்டுவிட்டேன் என்பது அதன் பொருள். இயந்திரம் எழுதிய வரிதான். ஆனால் பதிகங்களில் அடியார்கள் இறைவனை நோக்கிக் கதறும் கதறலைக் கேட்டுப் பழகிய எனக்கு, அது இன்னொரு கதறலாகவே கேட்டது.

"என்ன பாத்தீங்க?" என்றார் சார், பின்னாலிருந்து.

பார்த்ததைச் சொன்னேன். லினக்ஸின் உட்கரு, அதாவது முதலில் எழுந்து மற்றவற்றை இயக்கும் பகுதி, வெளித் தட்டிலிருந்து விழித்தெழுகிறது. எழுந்ததும் தன் கோப்புகள் அனைத்தும் குடியிருக்கும் தட்டைத் தேடுகிறது. தேடுவதற்கு அதன் கையில் உள்ள அடையாளம், ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியாக அமையும் நீளமான எண். நான் படியெடுத்தபோது மூலப் பிரதியின் எண்ணும், எதைத் தேட வேண்டும் என்று உட்கருவுக்குச் சொல்லும் துவக்க வரியில் கூடவே வந்துவிட்டது. புதுத் தட்டின் எண் வேறு. எனவே இல்லாத ஒருவரைத் தேடிக் காத்திருந்து கைவிடுகிறது. யு.எஸ்.பி. தட்டு விழித்துக்கொள்ளச் சற்றுத் தாமதமாவதும் தெரிந்தது.

முதலில் தாமதத்துக்கு ஏற்பச் சில நொடிகள் கூடுதலாகக் காத்திருக்கும்படி ஒரு சொல்லைச் சேர்த்தோம். போதவில்லை, அதை நீக்கிவிட்டோம். அடுத்தது எண்ணை மாற்றுவது. அந்த எண் எழுத்தும் இலக்கமும் கலந்த நெடுஞ்சரம். முன்பொருமுறை அதைக் கையால் அடித்ததில் ஓர் எழுத்து பிறழ்ந்து ஒருநாள் வேலை வீணாகியிருந்தது. சார் சற்று யோசித்தார். எண்ணுக்குப் பதிலாகப் பெயரைக் கொண்டே தேடச் சொல்லலாமே என்றார். லினக்ஸ் அதற்கும் இடம் தருகிறது. துவக்க வரியில் எண்ணை நீக்கிவிட்டு, பெயர் அருணை என்று எழுதினேன். இம்முறை திரையில் மலை தோன்றியது. சார் கைகூப்பினார், நானும்.

ஒலிவாங்கியைச் செருகி, "சோதனை, சோதனை" என்று பேசிப் பதிவு செய்தேன். பதிவு தட்டில் சேர்ந்தது. அணைத்து மீண்டும் துவக்கிக் கேட்டேன், ஒலித்தது. கையில் அடங்கும் அந்தப் பெட்டியைத் துணியில் சுற்றி ஊடகத் துறைக்கு எடுத்துப் போனேன்.

காலையில் குரல் சற்றுத் தெளிவாக இருக்கும் என்பதால், காலைப் பொழுதுகளில் பதிவு நடந்தது. அண்ணா வெந்நீர் குடித்துவிட்டு, சுருதிப் பெட்டியைப் போட்டு, கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து என்னைப் பார்த்து, "ஆரம்பிக்கலாமா தங்கச்சி?" என்று ஒவ்வொரு பதிகத்துக்கு முன்பும் கேட்பார். நான் ஆரம்பிக்கச் சொல்வேன். சில நாள்களில் மேல்ஸ்தாயியில் குரல் கிழிந்துவிடும், மீண்டும் பாடுவார். ஒருநாள் இருமலில் இரத்தம் வந்தது. துண்டால் துடைத்துவிட்டு, அந்தப் பதிகத்தை முதல் அடியிலிருந்து தொடங்கினார். வள்ளி அறைக்கு வெளியே நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பதிகம் முடிந்ததும் சேமிக்கப்பட்டது என்ற சொல் திரையில் தோன்றும். போட்டுக் கேட்போம். அவருடைய குரல், அதே குறைகளோடும் அதே அழகோடும், அந்த அறையில் நிற்கும்.

கடைசிப் பதிகம் முடிந்த அன்று அவர் திரையருகே வந்து, "எல்லாம் இருக்குதா?" என்று கேட்டார்.

"இருக்குதுண்ணா. பாருங்க" என்று வரிசையைக் காட்டினேன்.

இரண்டாம் பிரதி ஒன்றை மையத்தின் சர்வரில் வைப்பதாக இருந்தோம். அதற்குள் மருத்துவமனையிலிருந்து படுக்கை காலியாக இருக்கிறது, உடனே வர வேண்டும் என்று அழைத்துவிட்டார்கள். தட்டு தன்னோடு வர வேண்டும் என்று அண்ணா பிடிவாதம் பிடித்தார். அறுவை சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும்வரை அதைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார் என்று வள்ளி பிறகு சொன்னாள்.

சிகிச்சை நன்றாக முடிந்தது. உயிர் தப்பினார். கழுத்தின் அடியில் ஒரு துளை. மூச்சு அதன் வழியே. காயம் ஆறி வீடு திரும்ப ஒரு கோடை விடுமுறை முழுவதும் கழிந்தது. வந்த மறுநாள் வள்ளி தொலைபேசியில் அழைத்தாள்.

"அத்தை, அப்பா பாட்டெல்லாம் எந்த ஃபோல்டர்ல வச்சீங்க? இதுல ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது. அதுவும் நீங்க பேசறீங்க. சோதனை, சோதனைன்றீங்க."

தட்டை வாங்கி வந்து மேசையில் செருகினேன். குறையின்றித் துவங்கியது. மலைப் படம் தோன்றியது. பதிவுக் கோப்புறையில் என் குரலைத் தவிர எதுவும் இல்லை. அழிந்த கோப்புகளைத் தோண்டியெடுக்கும் நிரலை ஓடவிட்டேன். அழிந்த கோப்பு என்று எதுவுமே கிடைக்கவில்லை. எழுதப்பட்டு அழிக்கப்பட்டால் தடம் இருக்கும். இந்தத் தட்டில் தடமே இல்லை. திருமாலுக்கும் எட்டாத அடியைத் தேடி மண்ணைக் கிளறியது போல, வெற்றிடத்தைக் கிளறிக்கொண்டிருந்தேன். சார் பின்னால் வந்து நின்றார்.

"என்ன பாத்தீங்க?"

இயங்குதளம் எப்போதெல்லாம் விழித்தெழுந்தது என்ற பதிவு ஒவ்வொரு தட்டிலும் தானாகவே எழுதப்படும். அதைத் திறந்து காட்டினேன். இந்தத் தட்டு எங்கள் மேசையில் ஒருநாள் விழித்திருக்கிறது. அதன் பிறகு வள்ளியின் லேப்டாப்பில் நேற்று விழித்திருக்கிறது. இடையே, ஒலிப்பதிவு நடந்த காலைகளில், கண்ணையே திறக்கவில்லை.

"அப்படீன்னா அந்த ரூம்ல எது ஓடுச்சு?" என்றார் சார்.

அந்தக் கேள்வியை அவர் முடிக்கும்போதே பேருந்து நிலையத்து ஆட்டோக்காரரின் குரல் எனக்குக் கேட்டுவிட்டது. எந்த அருணை?

ஊடகத் துறைக் கணினி முன்பு எங்களுடையது. எங்கள் மூலப் பிரதியின் படி ஒன்று, யாரும் பயன்படுத்தாமல், அதன் உள் தட்டின் ஒரு பகுதியில் அப்படியே இருந்தது. அதற்கும் அருணை என்றுதான் பெயர். வெளித் தட்டைச் செருகித் துவக்கியபோது உட்கரு அதிலிருந்துதான் எழுந்தது. எழுந்து, அருணை எங்கே என்று கேட்டது. யு.எஸ்.பி. தட்டு சோம்பல் முறிப்பதற்குள், உள்ளே இருந்த அருணை நான்தான் என்று முன்வந்து நின்றது. அதே பிரதி, அதே மலைப் படம், அதே கோப்புறை. எங்களுக்கு வேறுபாடு தெரிய வழியே இல்லை. மேசையில் சோதித்தபோது இது வெளிப்படவில்லை. காரணம், எங்கள் கவனம். உள் தட்டின் கம்பியைப் பிடுங்கி வைத்திருந்தோம். அங்கே ஒரே ஓர் அருணைதான் இருந்தது. ஒலிப்பதிவு அறையில் கம்பியைப் பிடுங்க எங்களுக்கு உரிமை இல்லை.

முடியைக் கண்டதாகப் பொய்ச்சாட்சி சொன்ன தாழம்பூவை இந்த ஊரில் அறியாதவர் இல்லை. சேமிக்கப்பட்டது என்று ஒவ்வொரு முறையும் திரை சொன்னது. அது பொய்யும் அல்ல. எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை.

ஊடகத் துறைக்கு ஓடினோம். புதுக் கல்வியாண்டுக்காக அறைக் கணினிகள் அனைத்தையும் விடுமுறையில் துடைத்து, தட்டு முழுவதையும் ஒரே பகுதியாக்கி, புதிய விண்டோஸ் நிறுவியிருந்தார்கள். அதன் மேல் மாணவர்களுக்கான காணொளிகளை நிரப்பியிருந்தார்கள். அங்கிருந்த ஊழியர் ஒருவர், "ஏதோ பழைய லினக்ஸ் இருந்துச்சுங்க. யாரும் யூஸ் பண்ணலன்னு எடுத்துட்டாங்க" என்று சாதாரணமாகச் சொன்னார். அவர்மேல் குற்றம் இல்லை. யார்மேலும் இல்லை. குற்றம் யார்மேலாவது இருந்திருந்தால் எனக்கு அது ஒரு கைப்பிடியாக இருந்திருக்கும்.

மையத்துக்குத் திரும்பியதும் சார் என்னை எழச் சொல்லிவிட்டு, நான் பார்த்து முதன்முறையாக, தானே விசைப்பலகையின் முன் உட்கார்ந்தார். வெளித் தட்டின் பெயரை அழித்தார். புதிதாக எதையும் எழுதவில்லை. வெறுமையாக இருந்த அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே, "நான் பாக்கல ஞானாம்பா. நெனச்சேன்" என்றார். அதன் பிறகு அவர் யாரையும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. மையத்தின் எல்லாத் தட்டுகளுக்கும் நாங்கள் எண் இட்டோம். சில மாதங்களில் அவர் ஓய்வுபெற்றுச் சென்றார்.

நாமம் காக்கும் என்பதைப் பால் குடிக்கும் வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். பிழையாகச் சொன்னாலும், அறியாமல் சொன்னாலும், வேறொன்றை எண்ணிச் சொன்னாலும் காக்கும் என்பதே என் கல்வி. நாங்கள் பிழையின்றி, அறிந்து, அன்போடுதான் எழுதினோம். எண்ணை நம்பியிருந்தால் குரல் இருந்திருக்கும். நாமத்தை நம்பினோம். இதற்கு ஒரு சமாதானம் சொல்லும்படி பெரியவர்கள் சிலரைக் கேட்டேன், அவர்கள் சொன்னார்கள். சொல்லும்போது அவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணாவிடம் நான்தான் சொன்னேன். கழுத்தில் வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு, அதே முற்றத்து நாற்காலியில் இருந்தார். என்ன நடந்தது என்று விளக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, எதுவும் இல்லை அண்ணா என்று மட்டும் சொன்னேன். அவர் உதடுகள் அசைந்தன. எல்லாமேவா என்று கேட்கிறார் எனப் புரிந்தது. தலையசைத்தேன். மீண்டும் வாய் திறந்தார். சொல் வரவில்லை, கழுத்துத் துணி மட்டும் மூச்சில் உயர்ந்து அடங்கியது.

சோதிப்பதற்காக வள்ளியிடமிருந்து வாங்கிப் போன தட்டை, வேலை முடிந்ததும் அவளிடமே திருப்பிக் கொடுத்திருந்தேன். அதுவரை அண்ணாவுக்கு உண்மை தெரியாததால், அது பூசை மாடத்தில் படங்களோடு இருந்தது. நெற்றியில் இடுவது போல அதன்மேல் குங்குமம் வைத்திருந்தார்கள். அவர் எழுந்து சென்று அதை எடுத்தார். தோளில் இருந்த துண்டால் குங்குமத்தை மெதுவாகத் துடைத்தார். சுத்தமாகிவிட்டதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, என் கையில் கொடுத்தார்.

அதன் பிறகும் ஊடகத் துறைக் கணினியின் தட்டை அனுமதி பெற்று வாங்கி, மீட்பு நிரலைக் கொண்டு பலமுறை தேடினேன். அந்த நிரல் ஒரு கோப்பை அதன் தலைப்பகுதியைக் கொண்டுதான் அடையாளம் காணும். தலை கிடைத்தாலும் உடல் வேறோர் இடத்தில் சிதறி, அதன்மேல் வேறொன்று எழுதப்பட்டிருக்கும். கிடைத்தவை பெரும்பாலும் இரைச்சல். ஒன்றே ஒன்று தெளிவாக இருந்தது. சுருதிப் பெட்டியின் ரீங்காரம்; ஒருவர் தொண்டையைச் செருமுகிறார்; "ஆரம்பிக்கலாமா தங்கச்சி?" என்கிறார். "ஆரம்பிங்கண்ணா" என்கிறது என் குரல். ஒரு மூச்சு உள்ளிழுக்கப்படுகிறது. அத்துடன் கோப்பு முடிகிறது.

அதைக் கைப்பேசியில் போட்டுக்கொண்டு கீழ்பென்னாத்தூர் போனேன். வள்ளி அடுப்படியில் இருந்தாள். அவளிடம் முதலில் கேட்கக் கொடுத்தேன். காதோரம் வைத்துக் கேட்டாள். மறுபடியும் கேட்டாள். கூடத்தில் அண்ணா சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாலை வழிபாட்டு வேளையில் தினமும் அப்படி உட்காருகிறார், கோயிலுக்கு வருவதில்லை. வள்ளி கைப்பேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்பாவுக்கு வேணாம் அத்தை. இதக் கேட்டா, அப்புறம் பாட்டு வரும்னு காத்துக்கினு இருப்பாரு."

கூடத்துக்குள் போகாமலே திரும்பி வந்தேன்.

நான் ஓய்வுபெற்றபோது அந்தக் கோப்பை மட்டும் எடுத்து வந்தேன். மீட்கப்பட்ட கோப்புகளுக்கு இயந்திரமே ஓர் எண்ணை இட்டுவிடும். பிறகு நாம் விரும்பிய பெயரை வைத்துக்கொள்ளலாம். இதற்கு நான் பெயர் வைக்கவில்லை.